ஐகிரவுண்டுக்கு ஒரு சீட்டு

பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு வரை சாலைவழி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று தாமிரபரணியை ஒட்டியே ஊர்கள் வரும். இந்த வழியில் இன்று துணை சுகாதார நிலையம் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, தாலுகா ஆஸ்பத்திரி உண்டு, கடைசியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உண்டு. கிராம சுகாதார செவிலியராக இந்தப் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு படியில் நிற்கும் நோயாளியை அடுத்த படிக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது என் வேலையில் பாதி.

இந்தப் படிகள் ஒரே நாளில் வந்தவை இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு காலத்தில் ஒருவர் தம் தேவைக்காகக் கட்டினார். சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழியை இந்தச் சீமை ஏறக்குறைய 200 வருடமாகக் கட்டியிருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கவனிப்பு தொடரும் வழியை இரண்டு காரியங்களுக்குத்தான் உருப்படியாகக் கட்டியிருக்கிறது: காசநோய்க்கும் பிரசவத்துக்கும். அந்த இரண்டில் மட்டும் ஏன் முடிந்தது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் அடித்தது. கும்பெனி சர்க்கார் ஒரு குழுவைப் போட்டுக் காரணம் தேடச் சொன்னது. 1816-இல் அந்த அறிக்கை அச்சானது. நோயை மட்டுமல்லாமல் நிலத்தையும் சாகுபடியையும் சேர்த்தே ஆராய்ந்த அறிக்கை அது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவரை எங்கே தூக்கிப் போவது என்று கேட்டால் அன்று பதில் கிடையாது. பாளையங்கோட்டையில் கோட்டை இருந்தது, படை இருந்தது, படைக்கு வைத்தியர்கள் இருந்தார்கள். ஊராருக்கு நாட்டு வைத்தியரும் மருத்துவச்சியும்தான்.

அவர்களைக் குறைவாகப் பேச மாட்டேன். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி மருத்துவச்சி. வயிற்றில் கை வைத்த மாத்திரத்தில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு என்ன செய்வது என்பதுதான் அவளுக்கு வழி இல்லாத இடம். வில்வண்டி கட்டி, இரவெல்லாம் ஓட்டி, விடிந்ததும் போய்ச் சேர்ந்தால் அங்கே டாக்டர் இருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. கைமீறிய கேஸ் எது என்று கண்டுபிடிக்கும் அறிவு கிராமத்தில் எப்போதும் இருந்தது. அதைக் கொண்டு போய் ஒப்படைக்க ஓர் இடமும், போகும் பாதையும், அங்கே வாங்கிக்கொள்ள ஒரு கையும்தான் இல்லாமல் இருந்தன.

பாதை முதலில் வந்தது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு ஓடுகிறது; வெள்ளம் வந்தால் இரண்டும் வேறு வேறு ஊர். சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-இல் திறந்தது. வியாபாரத்துக்கும் கச்சேரிக்கும் அது எவ்வளவு உதவியது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு உதவியதை எழுதுபவர்கள் குறைவு. இரவு நேரத்தில் பிள்ளைவலி கண்டவளை மழைக்காலத்தில் ஓடம் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாலத்தின் அருமை தெரியும். 1904-க்குள் ரயிலும் அம்பாசமுத்திரம், செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை போய்விட்டது.

இடங்கள் தனித்தனியாக முளைத்தன. நாசரேத்தில் எஸ்.பி.ஜி. மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஸ்டிராக்கன் 1870 வாக்கில் மருத்துவ வேலையைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த மர்காஷிஸ் ஐயர் 1908-இல் காலமாகும் வரை அந்த ஊரிலேயே இருந்து அதை வளர்த்தார். செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரி என்று இன்றைக்கும் அது பேர் சொல்கிறது. சர்க்கார் பக்கம் 1884-இன் உள்ளாட்சிச் சட்டத்தில் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. அவை நடத்தியவைதான் லோக்கல் பண்ட் ஆஸ்பத்திரிகள், எல்.எஃப். ஆஸ்பத்திரி என்றே பழைய ஆட்கள் சொல்வார்கள். அங்கே ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், வீட்டிலிருந்து கொண்டு போகும் பாட்டிலில் கலர் தண்ணி மருந்து.

மேற்கே இன்னொரு கதை நடந்தது. ஹார்வி மில் 1885-இல் பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி வந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் குத்தகைக்கு எடுத்த மலையில் மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் வந்தது. பிற்பாடு மில் தொழிலாளிக்கு 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டம், தோட்டத் தொழிலாளிக்கு 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று வந்தபோது வைத்தியம் கிடைப்பதும் பார்க்கும் வேலையைப் பொறுத்ததாயிற்று. மாஞ்சோலையில் காய்ச்சல் என்றால் ஒரு வரிசை, மணிமுத்தாறு அடிவாரத்தில் அதே காய்ச்சல் என்றால் வேறு வரிசை. மில் சம்பளத்துக்காரருக்கு ஒரு கதவு, வயலில் நடவு நட்டவளுக்கு இன்னொரு கதவு. இந்தக் கதவுகளை உள்ளே சேர்க்கும் நடைபாதையை யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். இங்கிலாந்தில் 1920-இல் டாசன் பிரபுவின் குழு, ஆரம்ப நிலையம், இரண்டாம் நிலையம், அதற்கு மேல் கற்பிக்கும் ஆஸ்பத்திரி என்று மூன்று அடுக்குத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தது. சென்னை மாகாணத்தில் 1924-இல் கிராமத்தில் குடியிருக்கும் டாக்டருக்கு மானியம் கொடுக்கும் திட்டம் வந்தது. 1939-இன் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. போர் (Bhore) என்பவர் தலைமையில் 1943-இல் அமைந்த குழு 1946-இல் கொடுத்த அறிக்கையில்தான் இந்தியாவுக்கான முழுப் படிக்கட்டும் வரையப்பட்டது. அந்தக் குழுவில் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் ஒருவர்.

போர் குழு கேட்டது கொஞ்சமல்ல. 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கையுள்ள ஓர் ஆஸ்பத்திரி. அதற்கு மேல் 650 படுக்கை. மாவட்டத்துக்கு 2,500 படுக்கை. அது நீண்டகாலக் கனவு. உடனடிக்கு 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் போதும் என்று இறங்கி வந்தது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது பிளாக்குக்கு ஒன்று என்று அந்த நிலையங்கள் வந்தன. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் பிறகு அமைந்த இன்னொரு குழு 1960-களின் தொடக்கத்தில், புதிது புதிதாகத் திறப்பதை நிறுத்தி இருப்பவற்றை முதலில் பலப்படுத்துங்கள் என்றது. களத்தில் வேலை பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், அதைவிட நல்ல யோசனையை எந்தக் குழுவும் சொல்லவில்லை.

நெல்லையில் படிக்கட்டின் உச்சிப்படி 1960-களின் நடுவில் அமைந்தது. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 1965-இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் மேட்டுநிலத்தின் பேர்தான் ஐகிரவுண்டு. மதுரைக்குப் போக வேண்டியிருந்த கேஸ்கள் அங்கே நின்றன. 

இங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. அதே 1960-களில் மருத்துவப் பணிகள் துறையிலிருந்து மருத்துவக் கல்வித் துறை பிரிந்தது. பொது சுகாதாரத் துறை ஏற்கெனவே தனி. ஆக, என் துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஒரு இயக்குநரின் கீழ், தாலுகா ஆஸ்பத்திரி இன்னொரு இயக்குநரின் கீழ், ஐகிரவுண்டு மூன்றாமவரின் கீழ். நோயாளி பஸ்ஸில் 50 கிலோமீட்டர் போவதற்குள் மூன்று துறை மாறுகிறார். மாறுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. கையில் இருக்கும் சீட்டு ஒன்றுதான் மூன்றுக்கும் பொது.

அந்தச் சீட்டைப் பார்த்தால் கையகலம் இருக்கும். மேலே பேர், வயது, ஓ.பி. எண். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார் என்று. கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு. ஒரு ஆச்சி இதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “நர்ஸம்மா, ஐகிரவுண்டுக்கு எழுதிட்டாவ. அங்க போயி யாருகிட்டம்மா நிக்க?” மருத்துவ நிர்வாகம் பற்றி அதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து என் கை வழியாகப் போகும் ஒவ்வொரு தாயின் சீட்டுக்கும் பின்பக்கம் எழுதினேன். காலை 8 மணிக்கு ரத்த அழுத்தம் 150/100, 11 மணிக்கு 160/110. காலில் நீர். முதல் பிள்ளை ஆபரேஷன். ரத்தம் ஓ நெகட்டிவ். கடைசியாகச் சாப்பிட்டது 7 மணிக்கு. வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த டவுன் பஸ் ஏற வேண்டும், உள்ளே நுழைந்ததும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் கூடப் போகிறவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன்.

காசநோய்க்கு வருகிறேன். 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து செய்தது. சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்த நோயாளிக்கும், நெரிசலான வீட்டில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. 1959 முதல் வெளியான இந்த முடிவுகள் உலகத்தின் காசநோய் வைத்திய முறையையே மாற்றின. படுக்கை இருந்தால்தான் வைத்தியம் என்ற எண்ணம் உடைந்தது.

அதை நம்பி 1962-இல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். மாவட்ட மையத்தில் எல்லா நோயாளிக்கும் அட்டை. மாத்திரை, நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கும் சுகாதார நிலையத்தில். மாத்திரை வாங்க வர வேண்டிய தேதி அட்டையில் இருக்கும். வரவில்லையென்றால் முதலில் கடிதம், அதற்கும் வரவில்லையென்றால் வீட்டுக்கு ஆள். அட்டை மேலே, கவனிப்பு கீழே, இரண்டு இடத்திலும் ஒரே பேர். விட்டுப்போனவர்கள் நிறைய உண்டு, மருந்து தட்டுப்பாடும் உண்டு. 1990-களின் கடைசியில் டாட்ஸ் வந்து, மாத்திரையைக் கண்முன்னே விழுங்க வைக்கிற பொறுப்பு எங்களுக்கும் வந்த பிறகுதான் வலை இறுகியது. என்றாலும் வரைபடம் 1962-இலேயே சரியாக இருந்தது.

பிரசவத்தில் இது இன்னும் நன்றாக நடந்தது. நான் வேலையில் சேர்ந்த 1980-களில் முக்கால்வாசிப் பிரசவம் எங்கள் ஊர்களில் வீட்டில்தான். கர்ப்பிணி பேரைப் பதிவேட்டில் ஏற்றினால் அவள் என் பொறுப்பு. எந்த வீடு, எத்தனையாவது பிள்ளை, நாள் எப்போது, ரத்தம் எவ்வளவு, எல்லாம் என் நோட்டில். ஆபத்து இருக்கிற தாய்க்குச் சிவப்பு மையில் சுழி. அவள் அம்பாசமுத்திரத்துக்குப் போனாலும் ஐகிரவுண்டுக்குப் போனாலும் பிள்ளையோடு திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியது நான்.

மலையில் இது எளிதாக இருக்கவில்லை. பாபநாசம் மேலணைக்கு அப்பால் இஞ்சிக்குழி என்று காணிக்காரர் குடியிருப்பு. காரையாறு என்கிற அந்த அணையில் படகு ஏறி, இறங்கி, காட்டுக்குள் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் படகும் நிச்சயமில்லை. அங்கே பிரசவ நேரத்தில் ஆம்புலன்ஸைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. நாள் நெருங்குவதற்கு முன்பே அவளைக் கீழே சின்ன மயிலாறிலோ சேர்வலாறிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்க வைப்பதுதான் ஒரே வழி. அதற்கு அவள் புருஷனிடம் மட்டும் பேசினால் நடக்காது. மாமியாரிடமும் குடித் தலைவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு குடித் தலைவர் கடைசியில் ஒன்றே கேட்டார்: “நீ கூட வருவியா?” வருவேன் என்றேன். போனேன். அடுத்த கர்ப்பிணிக்கு யாரும் கேட்கவில்லை, தானாக இறங்கி வந்தாள்.

சர்க்கார் இதற்குக் கைகொடுத்தது. 1987-இல் முத்துலட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு உதவித் திட்டம். பின்னால் மூன்று செவிலியரைப் போட்டு 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள். ஆபரேஷனும் ரத்தமும் பச்சைக்குழந்தை வைத்தியமும் ஒரே இடத்தில் கிடைக்கும் சீமாங்க் சென்டர்கள். 2008 செப்டம்பர் 15 அன்று 108 ஆம்புலன்ஸ். அதே காலத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்கிற பதிவு எண்.

இவை எல்லாவற்றையும் விட நான் பெரிதாக மதிப்பது தாய் மரணத் தணிக்கையை. ஒரு தாய் இறந்தால் காரணம் தேடுகிற கூட்டம் கலெக்டர் தலைமையில் நடக்கும், குடும்பத்தாரையும் கூப்பிடுவார்கள். எத்தனை மணிக்கு வலி கண்டது? எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள்? வண்டி எப்போது வந்தது? முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம்? அங்கிருந்து போன் போட்டார்களா? அனுப்பிய டாக்டரும் வாங்கிய டாக்டரும் நானும் ஒரே மேஜையில். மூன்று துறையும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிற இடம் அது. வீட்டில் ஒரு தாமதம், வழியில் ஒரு தாமதம், ஆஸ்பத்திரிக்குள் ஒரு தாமதம் என்று உலகம் முழுக்கச் சொல்லும் மூன்றையும் அங்கே மணிக்கணக்கில் பிரித்துப் பார்ப்பார்கள். 2001–03-இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20-இல் அது 54. அந்த இறக்கத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குப் பங்குண்டு, ரத்த வங்கிக்குப் பங்குண்டு, அந்த மேஜைக்கும் பங்குண்டு.

மற்ற நோய்களுக்கு அந்த மேஜை இல்லை. எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைக் காப்பாற்றினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரிசை மாத்திரை எழுதி, ஒரு மாதத்துக்குக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர் பேத்திக்குத் தடுப்பூசி போட நான் அந்த வீட்டுக்குப் போனபோது மாத்திரை தீர்ந்து நாள் ஆகியிருந்தது. “தீந்து போச்சு தாயி. திரும்ப அங்க வரச் சொன்னாவ. போக வர ஒருநா கூலி போயிரும்லா” என்றார் அவர் சம்சாரம். அந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருந்து அலமாரியில் இருந்தன. அவர் ஊர் திரும்பியதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. மாத்திரை பக்கத்திலேயே கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

2019 ஜனவரியில் ஐகிரவுண்டில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடம் திறந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இனி மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓட வேண்டாம் என்பது எங்கள் மக்களுக்குப் பெரிய நிம்மதி. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. கை கால் விழுந்தவருக்குப் பிசியோதெரபியும் உண்டு. உச்சிப்படியும் அடிப்படியும் இன்று பலமாக இருக்கின்றன. நடுவில் தகவல் போய் வருகிற பாதை மட்டும் ஒருவழியாகவே கிடக்கிறது.

காசநோயிலும் பிரசவத்திலும் அது இருவழியானதற்குக் காரணம் மூன்று. நோயாளியின் பேர் கிராமத்து நோட்டில் இருந்தது. அந்தப் பேருக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். தவறினால் கேட்க ஓர் ஏற்பாடு இருந்தது: காசநோயில் வீட்டுக்கு வரும் ஆள், பிரசவத்தில் அந்த மேஜை. இதில் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்தின் பேர் இருக்க வேண்டும். ஒரு நகல் அன்றைக்கே அங்கே போக வேண்டும். என்ன நோய், எந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, எந்த அறிகுறி வந்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று மூன்று வரி தமிழில் இருக்க வேண்டும். மாத்திரை தவறினால் வீட்டுக்குப் போகிற செவிலியரின் பேர் அதில் இருக்க வேண்டும். பக்கவாதத்தில் இரண்டாம் தடவை விழுகிறவர்களுக்காகத் தாய் மரணத் தணிக்கை போல ஒரு கூட்டம், மூன்று துறையும் உட்காரும் கூட்டமாக, மாதம் ஒருமுறை நடக்க வேண்டும். செல்போன் இல்லாத 1962-இல் ஓர் அட்டையையும் ஒரு தபால் கார்டையும் வைத்துக் காசநோய்க்கு இதைச் செய்யத் திட்டம் போட்டவர்கள் நாம். சர்க்கரைக்கும் பக்கவாதத்துக்கும் இன்று அதைச் செய்யத் தடை எதுவும் இல்லை. செய் என்று ஓர் உத்தரவும், செய்தார்களா என்று கேட்க ஒரு மேஜையும் போதும்.